இன்னொருவர் சரிபார்க்கக் கூடியது

ஜனவரி 9

அன்புள்ள வாத்தியார் சகலைக்கு,

இங்கு நான் சுகம். உங்கள் காதும் அண்ணியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

இது போனில் கேட்கக்கூடிய விஷயம்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது போன் அல்ல, ஒலிபெருக்கி. மாடியில் சிக்னல் இல்லை என்று என் வீட்டுக்காரி கீழே உங்கள் கூடத்துக்கு வந்துதான் பேசுகிறாள். உங்களுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போடுகிறாள். நான் கடல் தாண்டி இங்கே தும்மினால் உங்கள் தெருவில் நாலு பேர் தைலம் தடவச் சொல்கிறார்கள். அதனால்தான் நீங்கள் காலையில் போய் உட்காரும் நூலகத்தின் முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டில் மூச்சு விட வேண்டாம். இந்த வயதில் என்ன பாடம் என்று அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஆபீசில் ஆங்கிலத்தில் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபேக்ட்ஸ் மட்டும் எழுத வேண்டுமாம். என்னிடம் உள்ள அகராதியில் ஃபேக்ட் என்றால் உண்மை. ட்ரூத் என்று புரட்டினால் அதுவும் உண்மை. ரியாலிட்டியும் உண்மை. மூன்று கதவுக்கும் ஒரே சாவி பொருந்தினால் பூட்டில் ஏதோ கோளாறு என்பது என்னைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குக்குக்கூடத் தெரியும். வித்தியாசத்தைக் கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.

நீங்கள் வைத்த பெயரோடு,
ஏணி

ஜனவரி 20

அன்புள்ள ஏணி சகலைக்கு,

காது அப்படியேதான் இருக்கிறது. நல்ல செய்தி மட்டும் கேட்பதில்லை. முழங்கால் தேவலை. உங்கள் முதுகுப் பிடிப்பு விட்டதா?

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் எல்லாரும் கரண்ட் பில் தேதிதான் கேட்கிறார்கள். நீங்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் நூலகத்திலேயே எழுந்து இரண்டு நடை நடந்தேன்.

நான் உட்காரும் பெஞ்சையே எடுத்துக்கொள்வோம். 'இந்தப் பெஞ்சு நான்கடி நீளம்.' டேப்பை எடுத்து யார் வேண்டுமானாலும் அளக்கலாம். இது ஃபேக்ட். 'இந்தப் பெஞ்சு உட்கார வசதியானது.' எனக்கு வசதி, பக்கத்தில் இருப்பவருக்கு இடுப்பு வலி. இது ஒப்பீனியன். 'நேற்று இந்தப் பெஞ்சில் எனக்குத் தூக்கம் வந்தது.' இது பொய்யல்ல, ட்ரூத் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? ஃபேக்ட் என்று எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

ஆக, அளவுகோல் இதுதான்: ஃபேக்ட் என்பது உங்களைத் தவிர இன்னொருவர் போய்ச் சரிபார்க்கக் கூடியது. எழுதிய ஒவ்வொரு வரியையும் இதில் வைத்துப் பாருங்கள். தேறாததை அடித்துவிடுங்கள். என்ன பரீட்சை? பதவி உயர்வா? வந்ததும் இனிப்போடு வர வேண்டும்.

ஆசிகளுடன்,
வாத்தியார்

பிப்ரவரி 6

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. இப்போது எடை தூக்குவதில்லை.

அளவுகோலை வைத்து அளந்தேன். நாலு பக்கம் எழுதியிருந்தது அரைப் பக்கமாகிவிட்டது. அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, சுருக்கமாக, தெளிவாக எழுதியிருக்கிறாய் என்றார். உங்கள் பாடத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று அட்மிட். அகராதியில் ஒப்புக்கொள்வது என்றும் இருக்கிறது, உள்ளே விடுவது என்றும் இருக்கிறது. இன்னொன்று நெக்லிஜென்ஸ்.

என் அறை இப்போது கீழ்த்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். ஜன்னல் தெருவின் தரைமட்டத்தில் இருக்கிறது. போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கால்களை வைத்து ஆட்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஒருவர் கடன்காரர், அப்படி ஓடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்டின் எடைக்கல் ஏறி இறங்கும். சத்தத்தை வைத்தே எந்த மாடியில் நிற்கிறது என்று சொல்லிவிடுவேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

ஏணி

பிப்ரவரி 15

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அட்மிட் என்றால் இங்கே ஒப்புக்கொள்வது. நல்லதைச் செய்தேன் என்று யாரும் அட்மிட் பண்ணுவதில்லை. தனக்குப் பாதகமானதை, மறுக்க முடியாத நிலையில் ஒப்புக்கொள்ளும்போதுதான் அந்தச் சொல் வரும். நெக்லிஜென்ஸ் என்றால் கவனக்குறைவு. கஞ்சி அடிப்பிடித்தால் அதைச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் கவனிக்காததால் இன்னொருவருக்கு அடிபட்டால் சொல்வார்கள்.

முப்பது வருடம் பாடத்திட்டங்களைப் பார்த்தவன் நான். முதலில் ஃபேக்ட், அடுத்து அட்மிட், அதற்கடுத்து நெக்லிஜென்ஸ் என்று வரிசை போடும் பதவி உயர்வுப் பரீட்சை எங்கும் இல்லை. மூன்றாம் மாடியில் இருந்த உங்கள் அறை ஏன் கீழே போனது? லிஃப்டைப் பார்க்க வேண்டியவர் ஏன் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

யாருக்கு அடிபட்டது?

வாத்தியார்

மார்ச் 5

அன்புள்ள சகலைக்கு,

பதில் இல்லை. காலையில் நூலகத்துக்குள் நுழையும்போதே நூலகர் தலையை ஆட்டிவிடுகிறார், இல்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை போனில் மழையைப் பற்றியே பேசினீர்கள். வைத்த பிறகு உங்கள் வீட்டுக்காரி, "அவரு குரல்ல உப்புச்சப்பே இல்லையே மாமா" என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். காது மந்தம் இதற்காவது உதவியது. எத்தனை நாளைக்கு உதவும் என்று தெரியவில்லை. உடம்பையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார்

மார்ச் 19

அன்புள்ள சகலைக்கு,

உடம்பு இருக்கிறது. இனி மறைப்பதில் பயனில்லை.

டிசம்பர் கடைசியில் லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழாம் மாடித் தையல்கார அம்மா தனியாக இருந்தார். பயந்துபோய் ஆறாம் மாடிக் கதவைக் கையால் தள்ளினார். நல்ல பூட்டாக இருந்தால் திறக்காது. அது தேய்ந்திருந்தது, திறந்துகொண்டது. குதித்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

பூட்டு தேய்ந்தது எனக்கு முன்பே தெரியும். விபத்துக்கு முந்தைய வாரம், மொட்டைமாடி மோட்டார் அறையில் வைத்துக் கட்டட மேனேஜரிடம் சொன்னேன், லிஃப்டை நிறுத்துங்கள் என்று. புதுப் பூட்டு வரும்வரை ஓடட்டும் என்றார். அங்கே நாங்கள் இருவர்தான். இப்போது, நான் தன்னிடம் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்கிறார்.

விசாரணை முடியும்வரை லிஃப்டைத் தொடக் கூடாது, வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். என் பாஸ்போர்ட்டும் அவர்கள் ஆபீஸ் அலமாரியில்தான்.

நான் கேட்டது இந்த விசாரணைக்குத்தான். முதலில் எழுதிய நாலு பக்கத்தில் மோட்டார் அறையில் பேசியது எல்லாம் இருந்தது. உங்கள் அளவுகோல் வந்தது. மேனேஜர் இல்லை என்கிறார், வேறு யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. அடித்துவிட்டேன். மிஞ்சிய அரைப் பக்கத்தில் இருப்பது பூட்டு தேய்ந்திருந்தது, அதைப் பராமரிப்பது என் வேலை, அம்மாவுக்குக் கால் முறிந்தது என்பது மட்டும்தான். 'எனக்குத் தெரிந்த ஃபேக்ட்ஸ் இவ்வளவே' என்று கீழே கையெழுத்தும் போட்டேன்.

குற்றம் சொல்லவில்லை. கேட்டது நான்தானே. வீட்டில் தெரிய வேண்டாம்.

ஏணி

மார்ச் 28

அன்புள்ள சகலைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த ஒரு அளவுகோலை, எதை அளக்கப் போகிறீர்கள் என்று கேட்காமலே உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். அது கட்டுரைக்குச் சரி. மனிதனுக்குப் பற்றாது. திருத்திக்கொள்ளுங்கள்.

ஃபேக்ட் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதன் முதல் பொருள் 'செய்யப்பட்டது'. சரிபார்க்கப்பட்டது அல்ல, செய்யப்பட்டது. குற்றம் நடந்த பிறகு உதவியவரை ஆங்கிலச் சட்டமொழியில் இன்றும் 'ஆஃப்டர் த ஃபேக்ட்' உதவியவர் என்கிறார்கள். அங்கே ஃபேக்ட் என்றால் நடந்த காரியம். இன்னொருவர் பார்ப்பதும் அளப்பதும் எவிடென்ஸ், சான்று. பார்த்தவர் வாயால் சொல்வது டெஸ்டிமனி, சாட்சியம். சான்று இல்லாத ஃபேக்ட் உண்டு. அதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

அந்தப் பெஞ்சில் எனக்குத் தூக்கம் வந்தது, சகலை. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் வந்தது. அதற்கு மதிப்பெண் போட மாட்டேன் என்று எழுதியது என் தவறு.

நீங்கள் மேனேஜரிடம் சொன்னீர்கள். அது நடந்த காரியம். உடனே இரண்டாவது வாக்குமூலம் கொடுங்கள். முதலில் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், ஊரில் ஒரு வாத்தியார் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்லுங்கள். என் முகவரியையும் கொடுங்கள்.

வாத்தியார்

ஏப்ரல் 21

அன்புள்ள சகலைக்கு,

நலம். அண்ணிக்கு இந்த வெயிலில் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி கெட்டவர் இல்லை. முதல் தாளையும் இரண்டாவது தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 'ஃபேக்ட்ஸ் இவ்வளவே' என்ற என் வரியின் மேல் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாத்தியார் கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். நானே கேட்டாலும் நம்ப மாட்டேன். மோட்டார் அறையில் பேசியதற்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதினார்: அலிகேஷன். அதற்கு என்ன பொருள்?

இன்னொன்று. மேனேஜர் கீழே என் அறைக்கே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். இரண்டாவது தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பூட்டு தேய்ந்ததை நான் கவனிக்கவில்லை என்று ஒரு வரி கையெழுத்துப் போட்டால், அந்த வாரமே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கையில் கிடைக்குமாம். வேலை போகும், மெக்கானிக் லைசென்ஸ் போகும், ஆனால் வழக்கு எதுவும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் விசாரணை எப்போது முடியும் என்று அவராலும் சொல்ல முடியாதாம்.

மோட்டார் ஓடுவது நின்றுவிட்டால் இந்த அறையில் என் மூச்சு எனக்கே கேட்கிறது.

ஏணி

மே 2

அன்புள்ள சகலைக்கு,

அலிகேஷன் என்றால் ஒருவர் சொல்கிறார், இன்னும் நிரூபணமாகவில்லை என்று பொருள். பொய் என்று பொருள் அல்ல. உண்மை என்றும் அல்ல. நடுவில் நிற்கும் சொல்.

இதற்கு மேல் பாடம் நடத்த எனக்குத் தெம்பில்லை. நேற்று உங்கள் வீட்டுக்காரி மொட்டைமாடியில் உங்கள் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் போடாத சட்டைகள். பூஞ்சை பிடித்துவிடுமாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு. ஒரு வரிதானே. அந்த ஊரில் உன்னைப் பற்றி என்ன எழுதி வைத்தால் என்ன, இங்கே நாங்கள் இருக்கிறோம். லைசென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, மிக்சி ரிப்பேர் பார். என்னடா இது, ஃபேக்ட் ஃபேக்ட் என்று பேசிய வாத்தியாரா இப்படி எழுதுகிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். வா.

வாத்தியார்

மே 17

அன்புள்ள சகலைக்கு,

நலம். நீங்கள் என்னை ஒருமையில் எழுதியது இதுதான் முதல் தடவை. நாலு முறை படித்தேன். பேனாவையும் எடுத்தேன்.

போன வாரம் தையல்கார அம்மா ஊன்றுகோலோடு கீழே வந்தார். பூட்டு கெட்டது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். தெரிந்தும் ஏன் ஓட விட்டாய் என்றார். மேனேஜர் சொன்னார் என்று வாய்வரை வந்தது. லிஃப்டின் மெயின் சுவிட்ச் அன்று என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, சகலை. நான் அணைக்கவில்லை. அவர் ஊன்றுகோலைத் திருப்பி ஊன்றிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அவரிடம் தெரியும் என்று சொல்லிவிட்டு, தாளில் தெரியாது என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? போட மாட்டேன். நான் சொன்னதும் நடந்தது, அணைக்காமல் விட்டதும் நடந்தது. இரண்டும் இருக்கட்டும்.

அதனால் எப்போது வருவேன் என்று தெரியாது. இனி மழையைப் பற்றியே பேசிக் காலம் தள்ள முடியாது. அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

ஏணி

மே 29

அன்புள்ள சகலைக்கு,

அனைவரும் நலம். ஒருவர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறார், யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடத்தில் அக்காவையும் தங்கையையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று தண்ணீர்ச் சொம்பு எடுத்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டுக்காரி அழவில்லை. எந்த மாடி என்று நான் சொல்வதற்குள், "எந்தப் பூட்டு? ஆறாம் மாடியா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "அவருதான் சொன்னாரே மாமா, போன்ல. மேனேஜர்கிட்ட சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாரு, பயமா இருக்குன்னு. நீங்ககூட இங்கதான உக்காந்திருந்தீங்க, சத்தத்தைக் குறைன்னு கத்துனீங்க."

விபத்துக்கு முன்னால், நீங்கள் மேனேஜரிடம் பேசிய அதே வார ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரா வாரம் வேலையைப் பற்றிப் புலம்புகிறவர் என்று விட்டுவிட்டேன். நீங்களும் புலம்பியதாகத்தான் நினைத்து மறந்திருக்கிறீர்கள்.

இது மட்டும் இல்லை. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அன்று அக்காவுக்கு முழங்கால் மாத்திரை கொடுக்க வந்து வாசலில் நின்றிருக்கிறார். ஜனவரியில்கூடக் கடையில் வைத்து, 'உங்க வீட்டுக்காரரு பூட்டை மாத்துனாங்களாம்மா?' என்று இவளைக் கேட்டாராம். மாத்தியிருப்பாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இன்னொருவர் சரிபார்க்கக் கூடியது என்று எழுதினேனே. சரிபார்க்கக் கூடியவர்கள் என் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல்தான் நீங்களும் நானும் ஐந்து மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அதிகாரியைப் போன் செய்யச் சொல்லுங்கள். கீழே அவள் எழுதுகிறாள். பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

வாத்தியார்

என்னங்க, நான் நல்லா இருக்கேன். நீங்க சாப்பிடுறீங்களா இல்லையா? உண்மையை என்கிட்ட மறைச்சு வச்சுக்கிட்டு, உண்மைன்னா என்னன்னு மாமாகிட்ட கடுதாசி போட்டுக் கேட்டீங்களா? மாமாவுக்கு இங்க்லீஷ் தெரியும். உங்களைத் தெரியுமா? அந்த ஆளு எப்போ வேணா போன் பண்ணட்டும், நான் பேசுறேன். எனக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் பேசுவேன். புரியலைன்னா அவங்க ஆள் தேடிக்கட்டும். சட்டையெல்லாம் நல்லா இருக்கு.

ஜூன் 16

அன்புள்ள சகலைக்கும் வீட்டில் அனைவருக்கும்,

இனி கடிதம் வீட்டு முகவரிக்கே வரும். நலம்.

போன் பேசியதை நீங்கள் அந்தப் பக்கமிருந்து கேட்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். அதிகாரி தமிழ் தெரிந்த ஒரு நர்ஸை அழைத்து வந்திருந்தார். இங்கேயும் ஸ்பீக்கரில்தான் போட்டார். அவள் பேசப் பேச நர்ஸ் மொழிபெயர்த்தார், பாதியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மொழிபெயர்க்காமல் ஓரிரண்டு வாக்கியம் விட்டுவிட்டார். அவை எனக்கானவை. மேனேஜர், குடும்பத்தார் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் போனுக்கு வந்தார். ஆறாம் மாடி என்பதையும் அவரே சொன்னார். மேனேஜர் அதற்குப் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அலிகேஷன் என்ற சொல்லை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உங்கள் பேர், அவள் பேர், மருந்துக்கடைக்காரர் பேர் மூன்றையும் எழுதிக்கொண்டார். மெயின் சுவிட்சைப் பற்றி நானாகவே சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். முடிவு எப்படி வரும் என்று தெரியவில்லை. பாஸ்போர்ட் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கேட் பாஸை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாங்கியதும் வெளியே போனேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்து என் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். குனிந்து பார்த்தேன். கட்டில், தம்ளர், சுவரில் ஆணியில் என் துண்டு. இத்தனை நாள் அங்கிருந்து மற்றவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கால்கள் தெருவில் நின்றன. அவற்றுக்குப் பெயர் வைக்க உள்ளே ஆள் இல்லை.

நான் அங்கே நின்றதை யாரும் பார்க்கவில்லை, சகலை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏணி